சோர்ந்துபோன கோழிக்குஞ்சைத் தேற்றுவது எப்படி

அடைக்கோழி 21-ஆம் நாள் பொரித்துவிட்டு, அடுத்த ஓரிரு நாளில் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கூடையை விட்டு இறங்கும். பத்துக் குஞ்சில் ஒன்றிரண்டு பின்தங்கும். கண்ணை மூடி, இறக்கையைத் தொங்கவிட்டு, உடம்பைப் பந்துபோலச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்; இல்லையென்றால் கூடையிலேயே கிடக்கும். தாய்க்கோழி அதற்காகக் காத்திருக்காது. அதைப் பார்த்ததும் நம் வீடுகளில் முதலில் செய்வது, அலகைப் பிரித்து நொய்யோ சோறோ தண்ணீரோ உள்ளே விடுவதுதான். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் பிழைத்திருக்க வேண்டிய பல குஞ்சுகள் இதில்தான் போகின்றன.

குஞ்சைத் தேற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சூடு, அடுத்து தண்ணீர், அப்புறம் தீனி, கடைசியாக மருந்து. குளிர்ந்த உடம்பில் குடல் இயங்காது. உள்ளே போன தீனி இரைப்பையிலேயே தங்கிப் புளிக்கும். விழுங்கத் தெம்பில்லாத குஞ்சுக்கு ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும். பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்ச மஞ்சள் கரு இருக்கிறது; அதை வைத்து அது 2 நாள், சில சமயம் 3 நாள்கூடத் தாங்கும். எனவே தீனிக்கு அவசரமே இல்லை. சூட்டுக்குத்தான் அவசரம்.

இங்கே சொல்வது நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு, அதிலும் முதல் 4 வாரத்துக்கு.

முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்

குஞ்சை உள்ளங்கையில் வைத்து, அதன் பாதத்தை உங்கள் உதட்டுக்கு அருகிலோ மணிக்கட்டின் உள்பக்கத்திலோ வைத்துப் பாருங்கள் (உதட்டில் ஒட்ட வேண்டாம்). பாதம் சில்லென்று இருந்தால் குளிரில் அடிபட்ட குஞ்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்ததும், தண்ணீர்த் தட்டில் விழுந்ததும், தாய் இறங்கிய பிறகு கூடையில் கிடந்ததும் இந்த வகை. பாதம் சுடச்சுட இருந்து, வாயைத் திறந்து இளைத்து, இறக்கையை விரித்துக் கிடந்தால் அது வெயிலில் அடிபட்டது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் குஞ்சுகளுக்கு இதுதான் நடக்கும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்து நான்கு இடத்தைப் பாருங்கள். வால் பக்கம் எச்சம் ஒட்டி அடைத்திருக்கிறதா? வயிறு உப்பி, தொப்புள் ஈரமாக இருக்கிறதா? கால் தோல் சுருங்கி, நரம்பு கருநீலமாகத் தடித்துத் தெரிகிறதா? அப்படித் தெரிந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. தலையிலும் கண்ணோரத்திலும் இறக்கைக்கு அடியிலும் பேன், தெள்ளு இருக்கிறதா?

சமையலறை மின்தராசு இருந்தால் எடையையும் குறித்து வையுங்கள். பொரித்த அன்று குஞ்சின் எடை முட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். 40 கிராம் முட்டை என்றால் 26, 27 கிராம் குஞ்சு. முதல் இரண்டு நாள் சற்றுக் குறைவது இயல்பு. அதற்குப் பிறகும் தொடர்ந்து இரண்டு நாள் குறைந்தால், தீனியைக் கொத்துவதாகத் தெரிந்தாலும் அது உண்மையில் தின்னவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு

வளர்ந்த கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். குஞ்சின் மேல் இருப்பது வெறும் பொங்குமயிர். இறகு முளைத்துத் தன் சூட்டைத் தானே காக்க அதற்கு 3 வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தாயின் வயிறுதான் அதற்கு அடுப்பு. தாய் இல்லையென்றால் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும்.

நனைந்திருந்தால் முதலில் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தியோ, சட்டைக்குள் வயிற்றோடு அணைத்தோ 15 நிமிடம் வைத்திருங்கள். செத்ததுபோல் விறைத்துக் கிடக்கும் குஞ்சுகூட இந்த நேரத்தில் காலை உதைக்கும், லேசாக முனகும். அதனால் குளிர்ந்த குஞ்சை உடனே செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுப்புப் பக்கத்திலோ நேர் வெயிலிலோ மட்டும் வைக்கக் கூடாது. வேகமாக ஏறும் சூடு அதன் நீரை வற்றவைத்துவிடும்.

இதற்குள் பெட்டி தயாராக வேண்டும். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலமுள்ள அட்டைப்பெட்டி போதும். ஒரு மூலையில் 40 வாட் குண்டு பல்பை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அட்டையிலோ துணியிலோ படாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. ஜீரோ வாட் பல்பும் போதாது. பல குஞ்சுகள் என்றால் குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கிடுவது வழக்கம்; அந்தக் கணக்கை ஒற்றைக் குஞ்சுக்குப் போட்டால் 2 வாட்டில் அது விறைத்துப் போகும். பல்பு பெட்டியின் ஒரு முனையில் மட்டுமே இருக்கட்டும். சூடு வேண்டும்போது அருகில் வரவும், போதும்போது விலகவும் குஞ்சுக்கு இடம் தேவை. நோயுற்ற குஞ்சு அதிகம் நகராது, எனவே முதல் மணி நேரம் நீங்கள் கூடவே இருந்து பாருங்கள்.

பல்புக்குக் கீழே, குஞ்சின் முதுகு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 2 அங்குலத்தில் வெப்பமானி 35 டிகிரி காட்ட வேண்டும். இது முதல் வாரத்துக்கு. ஒவ்வொரு வாரமும் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் முண்டியடித்து இடைவிடாமல் கீச்சிட்டால் சூடு போதவில்லை. எதிர் மூலையில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். பல்புக்கும் சம்பந்தமில்லாமல் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. மெல்லிய முனகலோடு காலை நீட்டிப் படுத்துத் தூங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது.

தரையில் செய்தித்தாள் மட்டும் விரிக்காதீர்கள். வழுக்கிக் கால் அகலும். கழுவிக் காயவைத்த சாக்கு, அல்லது பழைய துண்டு நல்லது. தெம்பு வந்த பிறகு 2 அங்குலம் காய்ந்த உமி போடலாம். பூஞ்சை வாசம் அடிக்கும் உமியும் பழைய ஈர வைக்கோலும் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் பூசணத் துகள் நுரையீரலில் இறங்கி, குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சாகும். அந்த நோய்க்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் எதுவும் இல்லை.

கரண்ட் போய்விட்டால் அரை லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, குஞ்சின் இரு பக்கமும் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூடிய அறையில் கரிக் கங்கு வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதிலிருந்து வரும் வாசனையில்லாத நச்சுவாயு குஞ்சையும் கொல்லும், அங்கே தூங்கும் மனிதர்களையும் கொல்லும்.

வெயிலில் அடிபட்ட குஞ்சுக்கு மேலே சொன்ன எதுவும் கூடாது. நிழலான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றி, பாதங்களை மட்டும் மண்பானைத் தண்ணீரில் நனைத்து விடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தலையோடு முக்கவும் வேண்டாம். இளைப்பு அடங்கியதும் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். கத்திரி வெயில் நாட்களில், வெளியே 37, 38 டிகிரி அடிக்கும்போது பகலில் பல்பே தேவையில்லை. விடியற்காலை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

தண்ணீர்

பாதம் வெதுவெதுப்பாகி, தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கிய பிறகே தண்ணீர். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் (1 லிட்டருக்கானது) இதற்கு நல்லது. முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டியதில்லை. தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூளுக்குக் கால் லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். பொட்டலம் இல்லையென்றால் அதே கால் லிட்டரில் ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரையும், தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு உப்பும் கரையுங்கள். உப்பு அளவில் சந்தேகம் இருந்தால் உப்பே போடாமல் சர்க்கரையோ கருப்பட்டியோ மட்டும் போடுங்கள். குஞ்சுகளுக்கு உப்பு கூடினால் அதுவே விஷம். கரைசல் வெதுவெதுப்பாக இருக்கட்டும். நம் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் புளிக்கும், ஆகவே 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக எடுங்கள்.

கொடுக்கும் விதம் மிக முக்கியம். கோழியின் மூச்சுக்குழாய் வாய் நாக்கின் அடியிலேயே, நடுவில் இருக்கிறது. அலகைத் திறந்து ஊற்றினால் தண்ணீர் நேராக அங்கே போகும். எனவே அலகைத் திறக்கவே வேண்டாம். ஊசி கழற்றிய 1 மில்லி இன்சுலின் சிரிஞ்சிலோ பில்லரிலோ எடுத்து, அலகின் பக்கவாட்டில், மேலலகும் கீழலகும் சேரும் விளிம்பில் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். சொட்டு உள்ளே இழுக்கப்படும், குஞ்சு தலையைத் தூக்கி விழுங்கும். விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த சொட்டு. முதல் மணி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று நான்கு சொட்டு போதும். பிறகு மணிக்கு ஒருமுறை அரை மில்லி. மூக்கில் குமிழி வந்தாலோ, கர்கர் என்று சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்தி, தலை சற்றுத் தாழும்படி பிடியுங்கள். விழுங்கவே இல்லையென்றால் தண்ணீரை விட்டுவிட்டு மறுபடியும் சூட்டுக்குத் திரும்புங்கள்.

நிற்கத் தொடங்கியதும் அலகின் நுனியை மட்டும் ஒரு மூடித் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். இரண்டு மூன்று முறையில் தானாகக் குடிக்கக் கற்றுக்கொள்ளும். தட்டில் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ நிரப்பி, இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். சோர்ந்த குஞ்சு ஒரு விரற்கடை ஆழத் தண்ணீரிலும் மூழ்கிச் சாகும். சர்க்கரைக் கரைசல் ஒரு நாள் போதும். தொடர்ந்து கொடுத்தால் கழிச்சல் வரும். பால் ஒருபோதும் வேண்டாம். பறவைக் குடலுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் இல்லை.

தீனி

இரண்டு மூன்று முறை கரைசலை விழுங்கி, கண் திறந்து, எச்சமும் போட்ட பிறகு தீனி. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பட்டாணி அளவு எடுத்து, வெந்நீர் சொட்டு விட்டுக் குழைத்து, அலகின் ஓரத்தில் தடவுங்கள். நக்கித் தின்னும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். மஞ்சள் கரு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதன் பிறகு தீவனக் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனத்தைத் தண்ணீர் தெளித்துப் புட்டுமாவு பதத்தில் கொடுத்து, படிப்படியாக உலர்ந்த தீவனத்துக்கு மாற்றுங்கள்.

நொய்யும் கம்பும் மட்டும் போட்டு வளர்ப்பது நம் ஊரில் பரவலான வழக்கம். தாயோடு திரியும் குஞ்சு கறையான், புழு, கீரை என்று மிச்சத்தைத் தேடிக்கொள்ளும். பெட்டியில் அடைத்த குஞ்சுக்கு அந்த வழி இல்லை. வெறும் நொய்யில் புரதமும் பி வைட்டமின்களும் போதாமல் அது இரண்டாம் வாரத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிடும். தீவனம் கிடைக்காத ஊர் என்றால் நொய்யோடு அவித்த முட்டை, நன்கு பொடித்த முருங்கைக்கீரை, கறையான் இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

கொத்தத் தெரியாத குஞ்சுக்கு விரல் நுனியால் தீனியைத் தட்டித் தட்டிக் காட்டுங்கள். தாய் அலகால் கொத்திக் காட்டுவதைத்தான் நாம் விரலால் செய்கிறோம். கூட ஒரு நல்ல குஞ்சு இருந்தால் அதைப் பார்த்தும் கற்றுக்கொள்ளும். ஒற்றைக் குஞ்சு தனிமையில் கத்திக் கத்தியே தெம்பை இழக்கும் என்பதாலும் துணை நல்லது. கொத்தாத, சாதுவான ஒன்றை விடுங்கள். தொற்றுநோய் என்று சந்தேகம் இருந்தால் துணை வேண்டாம். சிறு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பெட்டியில் சாய்த்து வைத்தாலே பாதி அமைதியாகும்.

மாலையில் கழுத்தின் அடியில், வலது பக்கம் விரலால் தொட்டுப் பாருங்கள். இரைப்பை மெத்தென்று நிரம்பியிருக்க வேண்டும், காலையில் காலியாகியிருக்க வேண்டும். காலையிலும் உப்பி, வாயில் புளித்த வாடை வந்தால் தீனியை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் சில மணி நேரம் கொடுங்கள். பெரும்பாலும் அங்கே குறை சூட்டில்தான் இருக்கும்.

வால் பக்கம் அடைத்துக்கொண்டால்

முதல் வாரத்தில் அடிக்கடி காண்பது இதுதான். எச்சம் பொங்குமயிரில் ஒட்டிக் காய்ந்து துவாரத்தையே மூடிவிடும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் குஞ்சு செத்துப்போகும். குளிர், மிகையான சூடு, தண்ணீர்க் குறைவு மூன்றும் இதைக் கொண்டுவரும். கிருமித் தொற்றாலும் வரும்.

இழுத்துப் பிய்க்காதீர்கள். தோலோடு வரும். பஞ்சை வெந்நீரில் (மணிக்கட்டில் விட்டால் சுடாத சூடு) நனைத்து, அடைப்பின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து ஊறவிடுங்கள். இளகியதும் கீழ்நோக்கித் துடையுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுபடியும் ஊறவையுங்கள். பிறகு ஈரத்தை ஒற்றி எடுத்து, பல்பின் அடியில் நன்றாக உலர்த்தி, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ஈரத்தோடு விட்டால் அடைப்பை எடுத்த கையோடு குளிரில் கொன்றதாகிவிடும். 5, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள், திரும்பவும் ஒட்டும்.

தொப்புளை அடைப்பு என்று நினைத்துப் பிய்த்துவிடும் தவறு நடக்கிறது. எச்சத்துவாரம் வாலுக்கு நேர் கீழே இருக்கிறது. தொப்புள் அதற்கும் முன்னால், அடிவயிற்றில் இருக்கிறது. அதில் காய்ந்த நூல்போலவோ பொருக்குபோலவோ தொங்குவது தானே உதிரும். இழுத்தால் ரத்தம் கொட்டும், குடலும் வெளியே வரலாம்.

தொப்புள் மூடாமல் ஈரமாக, சிவந்து, வயிறு தளதளவென்று உப்பி, துர்நாற்றம் அடித்தால் உள்ளே மஞ்சள் கரு அழுகுகிறது என்று பொருள். அழுக்கு முட்டையை அடைவைப்பதும், ஈரக் கூடையும் இதற்குக் காரணம். போவிடோன் அயோடின் ஒரு துளி தொட்டு வைத்து, தனியே பிரித்து, சூட்டில் வையுங்கள். ஆனாலும் இப்படிப்பட்ட குஞ்சுகள் பெரும்பாலும் முதல் வாரத்தைத் தாண்டுவதில்லை. அடுத்த அடைக்குச் சுத்தமான முட்டையும் காய்ந்த மணலும் வைப்பதுதான் இதற்கான உண்மையான வைத்தியம்.

காலும் கழுத்தும்

இரண்டு காலும் பக்கவாட்டில் அகன்று, தவளைபோல் கிடக்கும் குஞ்சை முதல் மூன்று நாளுக்குள் பிடித்தால் பெரும்பாலும் சரியாகும். பேண்ட்-எய்ட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஒரு கீற்றின் பஞ்சுப் பகுதி நடுவில் வரும்படி, இரண்டு கணுக்காலையும் பாதத்துக்குச் சற்று மேலே சுற்றி ஒட்டுங்கள். கால்களுக்கு இடையே 2 சென்டிமீட்டர் இருக்கட்டும், நிற்கும்போது கால் உடம்புக்கு நேர் கீழே வர வேண்டும். பாதம் வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்துங்கள். முதல் சில மணி நேரம் விழுந்து விழுந்து எழும். தண்ணீர்த் தட்டை அப்புறப்படுத்திவிட்டு நீங்களே குடிக்க வையுங்கள். தினமும் ஒருமுறை கழற்றிப் பார்த்து மறுபடி ஒட்ட, 3 முதல் 5 நாளில் நிற்கும். மூட்டு வீங்கி, கால் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தால் அது வேறு கோளாறு. மூட்டு நரம்பு விலகியது, ஒட்டுத்துணியால் சரியாகாது.

விரல்கள் உள்பக்கம் சுருண்டிருந்தால், பொரித்த முதல் இரண்டு நாளில், அட்டையைப் பாத அளவுக்கு வெட்டி, விரல்களை விரித்து ஒட்டிவிட்டால் ஒரு நாளில் நிமிர்ந்துவிடும். இரண்டாம் வாரத்தில் பல குஞ்சுக்கு ஒன்றாகச் சுருண்டால் பி2 வைட்டமின் பற்றாக்குறை. பி காம்ப்ளக்ஸ் சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஒரு சொட்டு என்று தொடங்கி, தீனியையும் மாற்றுங்கள். நாள் தள்ளினால் நரம்பு கெட்டுவிடும், பிறகு திரும்பாது.

கழுத்து பின்னால் வளைந்து வானத்தைப் பார்த்தால் பி1 பற்றாக்குறையும், தலை சுழன்று தடுமாறினால் இ வைட்டமின் பற்றாக்குறையும் காரணமாக இருக்கலாம். பி காம்ப்ளக்ஸ் சொட்டோடு, இ வைட்டமின் குளிகையை ஊசியால் குத்தி ஒரு சொட்டு சேர்த்து 3, 4 நாள் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயிலும் கழுத்து திருகும். கூட்டத்தில் வேறு குஞ்சுகளுக்கும் பச்சை நிறக் கழிச்சல், மூச்சிரைப்பு இருந்தால் வைட்டமினை நம்பி நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பேன், காயம், அம்மை

அடைக்கோழியிடம் தெள்ளும் பேனும் இருந்தால் அத்தனையும் குஞ்சுக்கு ஏறும். 30 கிராம் உடம்பில் ரத்தம் எவ்வளவுதான் இருக்கும்? கண்ணோரமும் கொண்டையடியும் கருப்பு மிளகுபோல் ஒட்டியிருக்கும் தெள்ளுகளின் மேல் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பஞ்சு நுனியால் கனமாகத் தடவினால் மூச்சு முட்டி உதிரும். கண்ணுக்குள் படக் கூடாது. குஞ்சை முழுக்க எண்ணெயில் குளிப்பாட்டாதீர்கள், நனைந்த பொங்குமயிர் சூட்டைக் காக்காது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து, மண்ணெண்ணெய் இரண்டும் குஞ்சைக் கொன்றுவிடும். கூடையின் வைக்கோலையும் மணலையும் மாற்றாமல் குஞ்சை மட்டும் சுத்தம் செய்வதும் வீண்.

காக்கை, வல்லூறு பிடித்த காயத்தைக் கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவி, போவிடோன் அயோடின் போடுங்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுவதும் பயன் தரும், ஈ மொய்க்காமல் தடுக்கும். காயம் ஆறும்வரை தனியே வையுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்தியே தீர்த்துவிடும்.

அம்மை கொசுவால் பரவுகிறது. கண்ணைச் சுற்றியும் அலகடியிலும் கொப்புளம் வந்து கண் மூடிக்கொள்ளும். தீனி கண்ணுக்குத் தெரியாமல் பசியில்தான் பல குஞ்சுகள் சாகின்றன. பொருக்கைப் பிய்க்காமல், வெந்நீர்ப் பஞ்சால் கண்ணைத் துடைத்துத் திறந்துவிட்டு, நாளைக்கு ஐந்தாறு முறை கையால் ஊட்டினால் தேறிவிடும். இரவில் பெட்டிக்கு மேல் கொசுவலை போடுங்கள்.

எச்சத்தைப் படிப்பது

பழுப்பு அல்லது பச்சை கலந்த பழுப்பு, மேலே வெள்ளைத் தொப்பி: இது நல்ல எச்சம். அவ்வப்போது சாக்லேட் நிறத்தில் பசைபோல் வருவதும் இயல்பே. வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் ஒட்டினால் கிருமித் தொற்றைச் சந்தேகிக்கலாம். தண்ணீராகப் பச்சை நிறத்தில் போய், கழுத்தும் தொங்கினால் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அது வைரஸ், வந்த பிறகு மருந்து கிடையாது. சின்ன வெங்காயமும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பது நம் மரபில் உண்டு. நன்றாகத் தின்னும் குஞ்சுக்கு அதை உருண்டையாகத் தீனியில் கலந்து வைக்கலாம். மூச்சு வாங்கும் குஞ்சின் தொண்டையில் திணிக்கக் கூடாது. 5 முதல் 7-ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்துதான் இந்த நோய்க்கு நம்பகமான காவல். தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நோயுற்ற குஞ்சுக்குத் தடுப்பு மருந்து போடாமல், தேறிய பிறகு போடுங்கள்.

மூன்றாம் வாரத்துக்கு மேல் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல். ஈரத் தரையில்தான் இது பெருகும். ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூளாக இருந்தால், லிட்டர் தண்ணீருக்கு 0.6 கிராம், கடுமையாக இருந்தால் 1.2 கிராம் வீதம் 3 முதல் 5 நாள், அந்தக் கூட்டத்தில் உள்ள எல்லாக் குஞ்சுக்கும் கொடுக்க வேண்டும். அது முடியும்வரை பி வைட்டமின் கொடுக்காதீர்கள். அந்த மருந்து பி1-ஐப் போல நடித்துக் கிருமியைப் பட்டினி போடுகிறது. நாம் வைட்டமின் கொடுத்தால் கிருமிக்கும் சேர்த்துக் கொடுத்ததாகும்.

மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன்

60 கிலோ மனிதருக்கான மாத்திரை, 30 கிராம் குஞ்சைவிட 2000 மடங்கு பெரிய உடம்புக்கு அளவிடப்பட்டது. அதைக் கிள்ளிக் கரைத்து ஊற்றினால் அளவு கையில் நிற்காது. டெட்ராசைக்ளின் குளிகையைத் தண்ணீரில் கொட்டும் பழக்கத்தை விடுங்கள். குளிரால் சோர்ந்த குஞ்சுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, உண்மையான தொற்றுக்கு அரைகுறை அளவு கிருமியைப் பழக்கிவிடும். கோழி டானிக் புட்டியில் 100 குஞ்சுக்கு 5 மில்லி என்று போட்டிருந்தால், ஒரு குஞ்சுக்கு ஏறக்குறைய ஒரே சொட்டு.

ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று செத்தால் எதையும் அறுத்துப் பார்க்காமல், வேறு ஊருக்கு எடுத்துச் செல்லாமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 எண்ணை அழைக்கலாம். குஞ்சைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி நல்ல குஞ்சின் மேலும் இருக்கும், குழந்தைகள் முத்தம் கொடுக்க விடாதீர்கள்.

12 மணி நேரம் சரியான சூட்டில் இருந்தும் ஒரு சொட்டுகூட விழுங்காமல், மல்லாந்து விழுந்து வாயைப் பிளக்கும் குஞ்சைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. அதைத் துன்புறுத்தி ஊட்டாமல், சூட்டிலும் இருட்டிலும் அமைதியாக விடுவதே கருணை. இறந்தால் இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பெட்டியை எரித்துவிடுங்கள்.

தாயிடம் திரும்ப விடுவது

தானாகத் தின்று, குடித்து, ஓடி, எடையும் ஏறி இரண்டு நாள் ஆன பிறகு விடலாம். பகலில் விட்டால் தாய் அந்நியமாகப் பார்த்துக் கொத்தக்கூடும். இருட்டிய பின், கூடையில் தாய் குஞ்சுகளை அணைத்து உட்கார்ந்திருக்கும்போது, விளக்கடிக்காமல், பின்பக்கமாகக் கையை நுழைத்து இறக்கைக்கு அடியில் தள்ளிவிடுங்கள். விடியற்காலை, குஞ்சுகள் இறங்குவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். தாய் கொத்தினால் குஞ்சை எடுத்துப் பெட்டிக்கே கொண்டுவாருங்கள். ஐந்து வாரம் ஆகி இறகு மூடும்வரை ஒரு துணைக் குஞ்சோடு பெட்டியிலேயே வளர்க்கலாம். ஏற்றுக்கொண்டால் அன்று முழுதும் பஞ்சாரத்துக்குள் தாயையும் குஞ்சுகளையும் கவிழ்த்து வைத்திருந்து, மறுநாள் வெளியே விடுங்கள்.